அன்றாட வாழ்வில் நாராயண சேவை

சத்சங்கங்களில் அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "தொண்டு செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் அலுவலகம், குழந்தைகளின் படிப்பு, வயதான பெற்றோர் என்று நாள் ஓடிவிடுகிறது. கையில் பெரும் பொருளும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஏதாவது செய்ய முடியும் போலிருக்கிறது." கேட்பவர்கள் மெய்யான வருத்தத்துடன்தான் கேட்கிறார்கள். இதற்கு விடை தேடுமுன், ராமகிருஷ்ண இயக்கத்தின் புகழ்பெற்ற சேவை நிலையங்களுள் ஒன்று எவ்வாறு தொடங்கியது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம். காசி நகரில் யாமினி ரஞ்சன் மஜும்தார் என்ற இளைஞர், தெருவோரத்தில் ஒரு மூதாட்டி உணவின்றித் துவண்டு கிடப்பதைக் கண்டார். முக்தித் தலத்தில் உயிர் பிரிய வேண்டும் என்ற விருப்பத்துடன் வந்து, கைப்பணம் கரைந்து, கவனிப்பார் இன்றி வீதியில் விழுந்து கிடப்பவர்கள் அந்நாளைய காசியில் பலர். யாமினி ரஞ்சனின் கையிலும் காசு இல்லை. வழியே சென்ற ஒருவரிடம் நான்கு அணா யாசித்துப் பெற்று, பால் வாங்கி வந்து அந்த அம்மையாருக்குப் புகட்டினார். பிறகு நண்பர்களைத் தேடிச் சென்றார். அவர்கள் 'உத்போதன்' இதழில் வெளிவந்த சுவாமி விவேகானந்தரின் கவிதை ஒன்றைப் படித்து, அதன் கருத்தில் தோய்ந்திருந்த இளைஞர்கள். அவர்களுள் ஒருவரான சாருசந்திர தாஸ் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சுபானந்தர் ஆனார். இளைஞர்கள் பிறரிடம் கையேந்திப் பொருள் சேர்த்தார்கள். வீதியில் கிடந்த நோயாளிகளைத் தேடிச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தார்கள். காசி லக்ஸா பகுதியில் இன்று மருத்துவமனையும் முதியோர் இல்லமும் கொண்டு விளங்கும் ராமகிருஷ்ண மிஷன் சேவாசிரமம் இவ்வாறு பிறந்ததுதான்.

நான்கு அணா என்பது ஒரு ரூபாயில் கால் பங்கு. தொகை சிறிது என்பது எல்லோர் கண்ணிலும் படும். அந்த நான்கணாவும் அவருடையதன்று என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவரிடம் சொந்தமாக இருந்தவை கண்ட கண்ணும், நின்ற காலும், பிறருக்காகக் கேட்கத் துணிந்த நாவும் மட்டுமே. கூச்சமுள்ள இளைஞனுக்கு முன்பின் அறியாதவரிடம் காசு கேட்பது எளிதான செயலா என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வரலாற்றில் இன்னொரு பகுதியும் உண்டு. பாடம் அங்கேதான் இருக்கிறது. அந்த இளைஞர்கள் தங்கள் அமைப்புக்கு முதலில் வைத்த பெயர் ஏழைகளுக்கான நிவாரணச் சங்கம் என்ற பொருள்படுவது. 1902-இல் காசிக்கு வந்த சுவாமிஜி அவர்களுடைய பணியைக் கண்டு மிகவும் மகிழ்ந்தார். ஆனால் பெயரை ஏற்கவில்லை. பிறருடைய துன்பத்தைப் போக்குபவர் என்று சொல்லிக்கொள்ள மனிதனுக்கு என்ன தகுதி இருக்கிறது, சேவை செய்ய மட்டுமே அவனுக்கு உரிமை உண்டு என்று உணர்த்தி, அதைச் சேவை இல்லம் என்று மாற்றச் செய்தார். ஒரு சொல்தானே என்று நமக்குத் தோன்றலாம். சுவாமிஜிக்கு அந்தச் சொல்லின் பின்னே பதினெட்டு ஆண்டுகளின் சிந்தனை இருந்தது.

1884-இல் தட்சிணேசுவரத்தில் குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் வைணவ நெறியின் கோட்பாடுகளை அன்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இறைநாமத்தில் சுவை, உயிர்களிடம் தயை, அடியார்களைப் போற்றுதல் ஆகிய மூன்றில் 'தயை' என்ற சொல்லுக்கு வந்ததும் அவர் பரவசத்தில் ஆழ்ந்துவிட்டார். பிறகு, புழுவினும் சிறிய மனிதன் பிறருக்குத் தயை காட்டுவதாவது என்றும், ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே உரியது என்றும் கூறினார். அறையில் பலர் இருந்தார்கள். அந்தச் சொற்களில் ஒளிந்திருந்த பொருளை அன்று முழுமையாகப் பிடித்துக்கொண்டவர் இளைஞர் நரேந்திரர் ஒருவரே.

தயை காட்டுபவர் மேலே நிற்கிறார். பெறுபவர் கீழே நிற்கிறார். சேவையில் இந்த இடங்கள் மாறிவிடுகின்றன. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது இறைவன்மீது இரக்கப்பட்டா நீட்டுகிறோம்? ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்ற தவிப்புடன் நீட்டுகிறோம். அதே தவிப்பு, மருத்துவமனை வாசலில் ஒருவருக்குக் கஞ்சி ஊற்றும் கையிலும் இருக்க வேண்டும் என்பதே நாராயண சேவை என்ற சொல்லின் பொருள். கொடுப்பவனுக்கு நாணமும் அச்சமும் வேண்டும் என்று தைத்திரீய உபநிஷத்து கூறுவதும் இதனால்தான்.

இந்தப் பாவனை உண்மையாகவே உள்ளத்தில் இருக்கிறதா என்று எப்படி அறிவது? பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயம் இதற்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. கைம்மாறு கருதாமல், தகுந்த இடத்தில், தகுந்த வேளையில், தகுந்தவருக்குத் தருவது சாத்துவிக தானம். பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ தருவது ராஜஸம். பொருந்தாத இடத்திலும் வேளையிலும், மதிப்பின்றி, இகழ்ச்சியுடன் தருவது தாமஸம். ஒரே தயிர்சாதப் பொட்டலம் இந்த மூன்றில் எதுவாகவும் ஆகலாம் என்பதைக் கவனியுங்கள். பொட்டலத்தில் வேற்றுமை இல்லை. இடமும் வேளையும் பாவனையுமே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

இடம், வேளை என்பவற்றைச் சடங்கு நூல்களுக்குரிய சொற்களாக நினைத்து நாம் கடந்துவிடுகிறோம். நம் தெருவில் அவற்றுக்கு என்ன பொருள்? விழா நாளில் ஒரே கோயில் வாசலில் நான்கு குழுவினர் அன்னதானம் செய்கிறார்கள். மாலையில் பாதி உண்ட இலைகளும் பிரிக்காத பொட்டலங்களும் குப்பைத் தொட்டியில் கிடக்கின்றன. அடுத்த செவ்வாய்க்கிழமை அதே வாசலில் ஒருவரும் இல்லை. பசி செவ்வாய்க்கிழமையும் வரும். பிறந்தநாளையும் நினைவுநாளையும் சேவைக்குரிய நாட்களாகக் கொள்வது நல்ல வழக்கமே; ஆனால் அந்த நாட்கள் நமக்கு வசதியானவை. பெறுபவருக்கு எது வசதியான நாள் என்று கேட்டறிவதே சேவையின் முதற்படி.

இரத்த தானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைவர் ஒருவரின் பிறந்தநாளில் முகாம் நடத்தி ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் இரத்தம் கொடுப்பதுண்டு. அந்த ஊக்கத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் இரத்தத்தின் தட்டணுக்களை ஐந்து நாட்கள் மட்டுமே சேமித்து வைக்க முடியும். சிவப்பணுக்களை ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்கள் வைக்கலாம். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது இரத்த வங்கிகள் திண்டாடுவதற்கும், தலசீமியா நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் ஒவ்வொரு மாதமும் அலைவதற்கும் காரணம் இதுதான். அந்தக் குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. 18 முதல் 65 வயதுக்குட்பட்டவராகவும், குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உடையவராகவும் இருந்து, மருத்துவர் பார்த்துத் தகுதி சொன்னால், ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆகவே ஒரு மையத்து அன்பர்கள் அறுபது பேர் இருந்தால், ஒரே நாளில் அறுபது பேரும் கொடுப்பதைவிட, மாதத்துக்குப் பதினைந்து பேராகப் பிரிந்து இரத்த வங்கியுடன் கலந்து பேசிக் கொடுப்பது நோயாளிக்குப் பயன்படும். புகைப்படத்தில் அது அவ்வளவு அழகாக விழாது.

இனி, வாரத்தில் இரண்டே மணி நேரம் உள்ளவர் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர், தீராத நோயாளிகளின் வலியைத் தணிப்பதற்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களே மிகுதி என்பது விரைவில் தெரிந்தது. அதிலிருந்து மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அண்டை அயலாரைக் கொண்டே இயங்கும் தொண்டர் அமைப்பு வளர்ந்தது. அவர்கள் தொண்டரிடம் கேட்டது பெரிய தியாகம் அன்று. வாரத்தில் இரண்டு மணி நேரமும், முன்னதாக ஒரு சிறு பயிற்சியும்தான். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், இல்லத்தரசிகள் என்று பலதரப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே.

இந்தத் தொண்டர்கள் நோயாளியின் வீட்டில் என்ன செய்கிறார்கள்? புண்ணுக்கு மருந்திடுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார். தொண்டர் அருகில் அமர்ந்து பேச்சுக் கொடுக்கிறார். படுத்தபடியே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராமல் காக்கலாம் என்பதையும், புரட்டும் முறையையும் வீட்டாருக்குக் கற்றுத் தருகிறார். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்க்கிறார். பல வீடுகளில் மிகவும் பயன்படும் உதவி வேறொன்று. நோயாளியைப் பகலும் இரவும் பார்த்துக்கொள்ளும் மனைவியிடமோ மகளிடமோ, "ஒரு மணி நேரம் நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் கோயிலுக்குப் போய் வாருங்கள்" என்று சொல்வது. மாதக்கணக்கில் வாசற்படி தாண்டாத ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாக இருக்கும் என்பதை நோயாளியைப் பராமரித்தவர்கள் அறிவார்கள். நம் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். அதற்கு அமைப்பு, பதிவு, அறிக்கை எதுவும் தேவையில்லை. கதவைத் தட்டினால் போதும்.

சிறிதே பொருள் வசதி உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. காசநோய்க்குச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். இரண்டு மாதத்தில் உடல் தேறியதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வருகிறது. வேலை இழந்து, சத்துணவும் இல்லாமல், கடுமையான மாத்திரைகளை உட்கொள்வது எளிதன்று. மத்திய அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நி-க்ஷய் மித்ரா' திட்டத்தில், தனி மனிதரோ அமைப்போ ஒரு நோயாளிக்குக் குறைந்தது ஆறு மாத காலத்துக்கு மாதந்தோறும் பருப்பு, தானியம், எண்ணெய் போன்ற உணவுப்பொருள்களை அளிக்கப் பொறுப்பேற்கலாம். நோயாளியின் இசைவு பெற்ற பிறகே இது நடைபெறும். இங்கே ஓர் எச்சரிக்கை. காசநோய் வந்த பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகும் ஊர்கள் இன்றும் உள்ளன. உணவுப் பையைக் கையில் கொடுத்து, வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துப் பரப்பினால், கொடுத்த பருப்பைவிடப் பறித்த மானம் பெரிதாகிவிடும். கீதை கூறும் தாமஸம் என்பது ஏதோ கொடியவர்கள் செய்வது என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல உள்ளத்தோடும் அதைச் செய்துவிட முடியும்.

தமக்குத் தெரிந்த தொழிலையே சேவையாக்குவது பாரதத்தின் பழைய வழக்கம். ஆஷாட மாதத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்பட்டுப் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் வார்க்கரி அடியார்களைப் புனே நகரம் வரவேற்கும் காட்சி இதற்குச் சான்று. செருப்புத் தைப்பவர்கள் அடியார்களின் காலணிகளை இலவசமாகச் செப்பனிடுகிறார்கள். முடிதிருத்துபவர்கள் அன்று கூலி வாங்குவதில்லை. மருத்துவர்கள் கொப்புளங்களுக்கு மருந்திடுகிறார்கள். எண்ணெய்க் கிண்ணத்துடன் அமர்ந்து கால் பிடித்துவிடுபவர்களும் உண்டு. ஒருவரும் தமக்குத் தெரியாத எதையும் செய்யவில்லை. குருத்வாராக்களில் காலணி காக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காலணிகளை வாங்கி, தூசி துடைத்து, அடையாளச் சீட்டுடன் திருப்பித் தருபவர் ஊரில் பெரும் வணிகராக இருக்கலாம். அந்த இடத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் கிளை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, எழுதத் தெரியாதவர்களுக்குச் சலான் நிரப்பித் தரலாம். மும்பை பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கும், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கும், வேலூர்ச் சி.எம்.சி.க்கும் பல மாநில நோயாளிகள் வருகிறார்கள். வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வேலூருக்கு வந்து இறங்கும் குடும்பத்துக்கு மருத்துவர் சொன்னது பாதி புரிவதில்லை. எந்தச் சாளரத்தில் பணம் கட்டுவது என்பதும் தெரிவதில்லை. வடமாநிலங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து இந்தியும் வங்காளமும் கற்றுத் திரும்பிய நம் அன்பர்கள் எத்தனை பேர்! அந்த மொழியறிவு இப்போது தொலைக்காட்சி பார்க்க மட்டும் பயன்படுகிறது. அதுபோலவே மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழர்கள், அங்கே சிகிச்சைக்கு வரும் தென்னாட்டுக் குடும்பத்துக்கு நாவாக இருக்கலாம்.

பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வு எழுதித் தருவதைத் தனியே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் தேர்வுக் காலத்தில் எழுதுபவர் கிடைக்காமல் இந்த மாணவர்கள் படும் பாடு அதிகம். எழுதுபவரின் கல்வித் தகுதி பற்றித் தேர்வு நடத்துவோரின் விதிகள் வேறுபடும். முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தேர்வருக்கு மணிக்கு இருபது நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு. ஆகவே மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் அமர ஆயத்தமாகச் செல்ல வேண்டும். இதில் ஓர் அரிய சாதனை அடங்கியிருக்கிறது. மாணவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் தவறாகவே எழுத வேண்டும். விடை நமக்குத் தெரியும்; திருத்த நாக்குத் துடிக்கும்; புருவத்தைக் கூட அசைக்கக் கூடாது. கை மட்டும் அவருக்கு உரியதாகிறது, 'நான்' ஒதுங்கி நிற்கிறது. நிஷ்காம கர்மத்தைப் பற்றி எத்தனையோ உரைகள் கேட்கிறோம். நான்கு மணி நேரம் அதைச் செய்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது.

கண்ணில் படாத வேலை, அருவருப்பான வேலை ஆகியவற்றுக்கு ஆள் சேருவது எப்போதும் குறைவு. 1899-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது மிஷன் தொடங்கிய துப்புரவுப் பணிக்குச் சகோதரி நிவேதிதை செயலராகவும், சுவாமி சதானந்தர் களத்தில் பொறுப்பாளராகவும் இருந்தார்கள். ஆட்கள் போதாத ஒரு நாளில் நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்துப் பாக்பஜார்த் தெருவைப் பெருக்கத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் வெட்கி, துடைப்பத்தைக் கையில் எடுத்தார்கள். குடிசை ஒன்றில் பிளேக் கண்ட குழந்தையை மடியில் வைத்து அவர் பணிவிடை செய்ததை டாக்டர் ராதா கோவிந்த கர் பதிவு செய்திருக்கிறார். மகாராஷ்டிரத்தின் காட்கே மகராஜும் கையில் துடைப்பத்துடன் ஊருக்குள் நுழைவார். பகலில் தெருவைப் பெருக்குவார். இரவில் கீர்த்தனம் செய்வார். அவர் பெயரால் மும்பை தாதரில் விளங்கும் தர்மசாலையில், சிகிச்சைக்கு வந்த புற்றுநோயாளிகள் தங்குகிறார்கள்.

1901-இல் ஹரித்வாரை அடுத்த கன்கலில் சுவாமி கல்யாணானந்தர் சில அறைகளை வைத்துக்கொண்டு நோயுற்ற சாதுக்களுக்குச் சேவை தொடங்கினார். சில ஆண்டுகளில் சுவாமி நிச்சயானந்தர் வந்து சேர்ந்தார். அவர் மருந்துகளைச் சுமந்துகொண்டு, ஏறத்தாழ இருபத்துநான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரிஷிகேசத்துக்கு நடந்து சென்று குடிசைகளில் கிடக்கும் சாதுக்களைக் கவனிப்பார். இருவரும் நோயாளிகளின் மலமூத்திரத்தைத் தம் கையாலேயே அள்ளினார்கள். அதன் பொருட்டு மற்றச் சாதுக்கள் அவர்களை இழிவாகப் பேசிப் பந்தியிலிருந்து ஒதுக்கினார்கள். ரிஷிகேசக் கைலாச ஆசிரமத்தின் தலைவர் தனராஜ் கிரி மகராஜ் அவர்களை அழைத்து மரியாதை செய்து, மற்றவர்களின் கண்களைத் திறக்கும்வரை அந்த நிலை நீடித்தது. சுவாமி கல்யாணானந்தரோ ஒதுக்கப்பட்டபோதும் மதிக்கப்பட்டபோதும் அதே அறைகளில் அதே வேலையைச் செய்தபடி 1937-இல் மறையும் வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

வீட்டுக்குள் இருக்கும் நாராயணரைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறுதோறும் முதியோர் இல்லத்துக்குச் சென்று பாட்டிமாருக்குப் பாட்டுப் பாடிவிட்டு வருகிறோம். வீட்டில் இருக்கும் மாமியார் மூன்றாம் முறையாக ஒரு செய்தியைக் கேட்டால் சலித்துக்கொள்கிறோம். வெளியே செய்யும் சேவைக்கு நன்றியும் பாராட்டும் உண்டு. வீட்டுக்குள் இரண்டும் இல்லை. கைம்மாறு கருதாமை என்பதற்கு வீட்டை விடக் கடினமான தேர்வுக்கூடம் கிடையாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, அவரவர்க்குத் தெரியும்.

இத்தனை வேலைகளில் இறங்கினால் ஜபமும் தியானமும் குறைந்துவிடாதா என்ற ஐயம் சாதகர்களுக்கு எழுவது இயல்பே. இந்த ஐயம் சாதாரணமானவர்களுக்கு மட்டும் வந்ததன்று. குருதேவரின் மொழிகளை உலகுக்கு அளித்த மகேந்திரநாத குப்தர் என்ற 'ம'-வுக்கே அது இருந்தது. இறைக்காட்சிக்குப் பிறகே சேவை என்பதுதான் குருதேவரின் கருத்து என்று அவர் நினைத்திருந்தார். 1912 நவம்பரில் அன்னை ஸ்ரீசாரதா தேவியார் காசி சேவாசிரமத்துக்கு எழுந்தருளி, வார்டுகளையும் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்து, அங்கே குருதேவரே எழுந்தருளியிருக்கிறார் என்று மகிழ்ந்து கூறினார். தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பிய பின் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் காணிக்கையாக அனுப்பி வைத்தார். அந்த நோட்டு இன்றும் அங்கே போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. அப்போது காசியில் இருந்த 'ம'-விடம், அன்னையின் சொற்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று சுவாமி பிரம்மானந்தர் இளம் துறவிகளைக் கொண்டு கேட்கச் செய்தார். 'ம' சிரித்துக்கொண்டே, இனி மறுக்க வழியில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த ஐயத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. காலையில் சிறிது நேரமேனும் அமர்ந்து ஜபம் செய்யாதவர், சேவைக் களத்தில் நுழைந்த சில மாதங்களில் குறை கூறத் தொடங்கிவிடுவதைப் பல மையங்களில் காணலாம். யார் அதிகம் செய்தார், யார் பெயர் பலகையில் வந்தது, பெற்றவர்கள் ஏன் நன்றி சொல்லவில்லை என்று பேச்சு வளரும். பெற்றவர் நன்றி சொல்லாமல் போனால் மனம் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சுருங்கினால், மறுவாரம் சேவையை நிறுத்த வேண்டாம். ஜபத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

நேரமும் பொருளும் உடல்நலமும் எதுவுமே இல்லாதவரும் செய்யக்கூடிய சேவை ஒன்று மிச்சமிருக்கிறது. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட்டால், கருவிழி பாதிக்கப்பட்ட இருவருக்குப் பார்வை கிடைக்கலாம். கண்ணாடி அணிந்தவர்களும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும், சர்க்கரை நோயாளிகளும் கொடுக்கலாம். முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் முடிவு செய்பவர்கள் வீட்டார்தான். ஆகவே அவர்களிடம் வாயால் சொல்லி வைப்பதே முக்கியம். இமைகளை மூடி, ஈரப்பஞ்சை வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தி வைக்க வேண்டும். கண் வங்கியிலிருந்து வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வார்கள். முகத்தில் விகாரம் தெரியாது. துக்கம் நிறைந்த அந்த வேளையில் தொலைபேசி எண்ணைத் தேட யாருக்கும் தோன்றாது. அதனால் சில அன்பர்கள் கண் வங்கியின் எண்ணைப் பூஜையறையில் தொங்கும் நாட்காட்டியின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புது நாட்காட்டி மாட்டும்போது, பழையதைப் பார்த்து மறக்காமல் எழுதிக்கொள்கிறார்கள்.